ஸ்கேன் எடுக்க போறீங்களா? ஒருநாள் கூலி வீணாகாம இருக்க இதை படிச்சுட்டு போங்க!

கடலூர்:

கடலூர் முதுநகரை தாண்டி சிதம்பரம் ரோட்டில் இருக்கும் குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், காரைக்காடு பகுதி மக்களுக்கு 'ஸ்கேன்' என்றால் ஒருநாள் கூலி போச்சு என்று அர்த்தம். சிப்காட் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்களுக்கு போகாத நாளுக்கு சம்பளம் கிடையாது. காலையிலேயே பஸ் பிடித்து கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு போய், ஓ.பி. சீட்டு போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவழியாக முறை வரும்போது கேட்பார்கள்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ரெண்டே ரெண்டு இட்லி தாங்க..."

"நாளைக்கு வெறும் வயித்துல வாங்க."

அவ்வளவுதான். மறுநாளும் லீவு, மறுநாளும் பஸ் செலவு. சிலருக்கு சாப்பாடு பிரச்சினை இல்லை. ஆனால் ரூமுக்குள் போவதற்கு 5 நிமிடம் முன்பு பாத்ரூம் போய்விட்டு வந்திருப்பார்கள். அவர்களையும் தண்ணீர் குடித்துவிட்டு காத்திருக்க சொல்லி வெளியே அனுப்பி விடுவார்கள்.

திட்டி பிரயோஜனம் இல்லை. இரண்டுக்குமே காரணம் இருக்கிறது. அதை சீட்டு எழுதும்போதே விளக்கி சொல்ல பெரிய ஆஸ்பத்திரி கூட்டத்தில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை என்பதுதான் குறை.

பாய்லர் கம்பெனியில் தொடங்கிய கதை

சிப்காட்டிலும் நெய்வேலியிலும் வெல்டிங் வேலை பார்ப்பவர்களுக்கு 'யு.டி.' டெஸ்ட் என்றால் தெரியும். வெல்டிங் செய்த இடத்தில் பசை போல ஒன்றை தடவி, சின்ன கருவியை வைத்து நகர்த்துவார்கள். உள்ளே விரிசல் இருந்தால் திரையில் காட்டி கொடுத்து விடும். வயிற்றில் எடுக்கும் ஸ்கேனும் அதே சங்கதிதான். சொல்லப்போனால் அங்கிருந்துதான் இது மனுஷனுக்கு வந்தது.

ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் அயன் டொனால்ட் என்று ஒரு மகப்பேறு டாக்டர் இருந்தார். 1955-ம் ஆண்டு, ஆபரேஷனில் எடுத்த கட்டிகளை காரில் வைத்துக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்கு போனார். இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியை அந்த கட்டிகள் மேல் வைத்து பார்த்தார். நீர் நிறைந்த கட்டிக்கும் சதை கட்டிக்கும் வித்தியாசம் திரையில் தெளிவாக தெரிந்தது. 3 ஆண்டு கழித்து, 1958-ல் கர்ப்பப்பை கட்டிகள், வயிற்றில் உள்ள குழந்தை ஆகியவற்றின் படங்களோடு மருத்துவ பத்திரிகையில் கட்டுரை எழுதினார். இன்று ஊருக்கு ஊர் இருக்கும் ஸ்கேன் சென்டர்களுக்கு பிள்ளையார் சுழி அதுதான்.

இதில் வேலை செய்வது சத்தம். மனித காதுக்கு விநாடிக்கு 20 ஆயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். வயிறு ஸ்கேனில் விநாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வு வரை அனுப்புகிறார்கள். அது உள்ளே போய் உறுப்புகளில் பட்டு திரும்பி வருகிறது. கிணற்றில் கத்தினால் எதிரொலி வருமே, அது மாதிரி. திரும்பி வந்ததை வைத்து கம்ப்யூட்டர் படம் போடுகிறது.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் போல இதில் கதிர்வீச்சு கிடையாது. வலி இல்லை. ஊசி இல்லை. மாஸ்க் மாதிரி எதையும் மாட்ட மாட்டார்கள், குகை மாதிரி குழாய்க்குள் போகவும் வேண்டாம். (அது எம்.ஆர்.ஐ. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறார்கள்.) டாக்டர் சொல்லி எடுக்கும் ஸ்கேனால் வயிற்றில் உள்ள குழந்தைக்கு கெடுதல் என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. அதற்காக முகம் பார்க்க ஆசை என்று வாரம் ஒருமுறை போய் படுப்பதும் தேவையில்லாத வேலை.

காத்துதான் எதிரி

இந்த சத்தத்துக்கு பெரிய எதிரி காற்று. காற்று இருக்கும் இடத்தில் சத்தம் உள்ளே போகாமல் அப்படியே திரும்பி விடும். படம் வெள்ளை வெள்ளையாக கலங்கி போகும். குளுகுளு என்று அந்த ஜெல்லை தடவுவதே கருவிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று புகாமல் இருக்கத்தான். அது மருந்து இல்லை. துடைத்தால் போய்விடும், துணியிலும் கறை பிடிக்காது.

வெறும் வயிறு கேட்பதும் இதனால்தான். சாப்பிட்டால் குடலில் வாயு சேரும். அதன் பின்னால் இருக்கும் கணையம் மறைந்து போகும். பித்தப்பை கதை இன்னும் மோசம். சாப்பாடு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கி பித்தநீரை வெளியேற்றி விடும். சுருங்கிய பையில் கல் இருந்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் மேல்வயிறு ஸ்கேனுக்கு 6 முதல் 8 மணி நேரம் வரை எதுவும் சாப்பிடக்கூடாது. ராத்திரி 9 மணிக்கு சாப்பிட்டுவிட்டு காலையில் போவது வசதி.

"டீ தானே குடிச்சேன்" என்பார்கள். பால் டீயும் சாப்பாடு கணக்குதான். பாலில் உள்ள கொழுப்பு பட்டாலே பித்தப்பை சுருங்க ஆரம்பித்து விடும். பீடி, சிகரெட் பிடித்தாலும் சூயிங்கம் மென்றாலும் காற்றை விழுங்குகிறோம், வயிற்றில் வாயு ஏறும். வெறும் தண்ணீர் கொஞ்சம் குடிக்கலாம். பிரஷர் மாத்திரையை ஒரு மடக்கு தண்ணீரில் வழக்கம்போல போட்டுக்கொள்ளலாம்.

சர்க்கரை நோயாளிகள் மட்டும் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சாப்பிடாமல் சுகர் மாத்திரை போட்டாலோ இன்சுலின் குத்திக்கொண்டாலோ சர்க்கரை சட்டென்று இறங்கி வரிசையிலேயே மயக்கம் போட்டு விழ வாய்ப்பு உண்டு. ஸ்கேன் எழுதி கொடுக்கும்போதே "எனக்கு சுகர் இருக்கு, காலை மாத்திரையை என்ன பண்றது?" என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். காலையில் முதல் ஆட்களாக பார்க்க சொல்லியும் கேட்கலாம். கையில் டிபன் பாக்ஸ் இருக்கட்டும். ஸ்கேன் முடிந்த அடுத்த நிமிடம் சாப்பிடலாம்.

அடிவயிறு ஸ்கேன் என்றால் கதை தலைகீழ். இதற்கு சிறுநீர்ப்பை நிறைந்து இருக்க வேண்டும். நிறைந்த பை, குடலை மேலே தள்ளிவிட்டு ஒரு கண்ணாடி ஜன்னல் மாதிரி நிற்கும். அதன் வழியாக கர்ப்பப்பை, சினைப்பை, ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பி எல்லாம் தெளிவாக தெரியும். ஒரு மணி நேரம் முன்னால் 4, 5 டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொள்ள வேண்டும். கிட்னி பழுது, இதய கோளாறு என்று தண்ணீரை அளந்து குடிக்க சொல்லியிருப்பவர்கள் இப்படி குடிக்கக்கூடாது. முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். வரிசை நீளமாக இருக்கும் நாளில் வீட்டிலேயே குடித்துவிட்டு கிளம்பி பஸ்சில் நெளிவதை விட, அங்கே போய் எத்தனை பேர் முன்னால் இருக்கிறார்கள் என்று பார்த்து குடிப்பது புத்திசாலித்தனம். தாங்க முடியாமல் வந்தால் நர்சிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சீட்டில் முழு வயிறு ஸ்கேன் என்று எழுதியிருந்தால் இரண்டும் வேண்டும். சாப்பாடு கூடாது, தண்ணீர் குடித்து அடக்கவும் வேண்டும். வயசான ஆண்களிடம் ஸ்கேன் முடிந்ததும் "மூத்திரம் போயிட்டு வந்து மறுபடி படுங்க" என்பார்கள். போன பிறகும் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கு அது முக்கியமான கணக்கு.

தைராய்டு, மார்பகம், விதைப்பை, கால் நரம்பு ஸ்கேனுக்கு இந்த கட்டுப்பாடு எதுவும் கிடையாது. சாப்பிட்டே போகலாம்.

பெண்களுக்கு சில சமயம் உள்வழியாக எடுக்கும் ஸ்கேன் தேவைப்படும். அதற்கு சிறுநீர் கழித்துவிட்டு படுக்க வேண்டும். என்ன செய்ய போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லி சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும், பக்கத்தில் ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்று கேட்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உடுப்பு விஷயத்தில், நைட்டியை விட புடவையோ சுடிதாரோ போட்டு போவது சவுகரியம். முழுசாக தூக்க வேண்டியது இருக்காது.

எல்லாத்துக்கும் ஸ்கேனா?

2025 மே மாதம் குடிகாட்டில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் தொட்டி வெடித்து வீடுகளுக்குள் கழிவுநீர் புகுந்தது. கண் எரிச்சல், மூச்சு திணறல் என்று பலர் கடலூர் அரசு மருத்துவமனைக்கு கொண்டு போகப்பட்டார்கள். இந்த பகுதியில் வாடை வீசும் ராத்திரிகளில் இருமலோடு எழுந்து உட்காருவது புதுசும் இல்லை. மூச்சு கோளாறுக்கு போனால் "ஒரு ஸ்கேன் எழுதி கொடுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் நுரையீரல் முழுக்க காற்று. காற்றுதான் இதற்கு எதிரி என்று பார்த்தோமே. நுரையீரலை சுற்றி நீர் கோர்த்திருந்தால் ஸ்கேனில் தெரியும். மற்றபடி எக்ஸ்ரே, ஊதி பார்க்கும் பரிசோதனை, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன்தான் வழி.

இரைப்பை புண்ணையும் இதில் பார்க்க முடியாது. அதற்கு எண்டோஸ்கோப்பி. எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே. கிட்னியில் கல் இருந்தால் தெரியும், ஆனால் குழாயில் இறங்கிவிட்ட சின்ன கல் தப்பித்து விடலாம். துடிக்கிற வலி இருந்தும் ஸ்கேன் நார்மல் என்றால் வீட்டுக்கு போய் படுக்காமல் டாக்டரிடம் திரும்ப போக வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு தேதி முக்கியம்

கர்ப்ப காலத்தில் ஸ்கேனை இஷ்டப்பட்ட நாளில் எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கு இருக்கிறது. கணக்கு தொடங்குவது கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளில் இருந்து. அந்த தேதியை காலண்டரில் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் பிரசவ தேதி சரியாக தெரியும். இரட்டை குழந்தையா என்பது தெரியும். குழந்தையின் கழுத்துக்கு பின்னால் இருக்கும் நீரின் அளவை பார்ப்பதும் இந்த வாரங்களில்தான். 14 வாரம் தாண்டினால் அந்த அளவுக்கு அர்த்தம் இல்லை.

அடுத்தது 18 முதல் 20 வாரத்தில். இதைத்தான் தவறவே விடக்கூடாது. குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு, இதயம், கிட்னி, கை கால் என்று ஒவ்வொன்றாக பார்க்கிறார்கள். "அதான் ஒரு ஸ்கேன் எடுத்தாச்சே, இன்னொன்னு எதுக்கு?" என்று வீட்டு பெரியவர்கள் சொல்வதும், கூலி வேலை சீசனில் தள்ளி போடுவதும் நடக்கிறது. இதயத்தில் கோளாறு முன்பே தெரிந்தால் பிரசவத்தை பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளலாம். பிறந்த உடனே சிகிச்சை தொடங்கலாம். தெரியாமல் போய் வலி வந்த பிறகு ஆம்புலன்சில் ஓடுவது வேறு.

சட்ட கணக்கும் இருக்கிறது. 2021-ல் திருத்திய கருக்கலைப்பு சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, குறிப்பிட்ட சில பிரிவு பெண்களுக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் வேண்டும். 24 வாரம் தாண்டிவிட்டால், குழந்தைக்கு பெரிய குறைபாடு இருக்கிறது என்று மருத்துவ குழு ஒத்துக்கொண்டால்தான் முடியும். பிழைக்க வழியே இல்லாத குறைபாடு 26-வது வாரத்தில் தெரிய வந்தால் அந்த குடும்பம் எங்கெங்கே அலைய வேண்டி வரும் என்று யோசித்து பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஸ்கேனில் எல்லா குறையும் தெரிந்துவிடாது. தாயின் உடல் பருமன், குழந்தை திரும்பி படுத்திருக்கும் விதம் இதை எல்லாம் பொறுத்தது. "மறுபடி அடுத்த வாரம் வாங்க" என்றால் குழந்தை சரியாக காட்டவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். உடனே பயந்துவிட வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் ஸ்கேன் இலவசம். 2011 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசின் தாய் சேய் நல திட்டத்தில் பரிசோதனைகளுக்கு காசு வாங்கக்கூடாது என்றே இருக்கிறது. சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகரில் உள்ள பழைய ராஜா முத்தையா மருத்துவ கல்லூரி மருத்துவமனை 2021-ல் இருந்து அரசு கடலூர் மருத்துவ கல்லூரி மருத்துவமனை ஆகிவிட்டது.

அந்த பாரத்தில் என்ன இருக்கு?

கர்ப்பிணி ஸ்கேனுக்கு போனால் ஒரு பாரம் நீட்டுவார்கள். 'பாரம் எப்' என்று பெயர். பெயர், வயது, விலாசம், எத்தனை பிள்ளைகள், அதில் ஆண் எத்தனை பெண் எத்தனை, எந்த டாக்டர் அனுப்பினார், எதற்காக ஸ்கேன் என்று எல்லாம் கேட்டிருக்கும். கடைசியில், குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று கர்ப்பிணியே உறுதி சொல்லி கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். "இதெல்லாம் எதுக்கு கேக்குறாங்க, ரேஷன் கார்டுல இருந்து பேர எடுத்துடுவாங்களோ?" என்று பயப்பட வேண்டாம். 1994-ம் ஆண்டு கொண்டு வந்து 2003-ல் கடுமையாக்கப்பட்ட சட்டம் கேட்கும் விவரம் இது. வெற்று பாரத்தில் மட்டும் கையெழுத்து போடாதீர்கள். படிக்க தெரியாவிட்டால் படித்து காட்ட சொல்லுங்கள்.

இந்த சட்டம் கடலூருக்கு ரொம்பவே தேவை. 2001 மக்கள்தொகை கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தில் 6 வயது வரை உள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 957 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் அது 896. அதே 2011-ல் தமிழ்நாடு முழுக்க பார்த்தால் 943. உசிலம்பட்டி, சேலம், தர்மபுரி என்று மற்ற ஊர்களை கைகாட்டிக்கொண்டு இருந்த பத்து வருஷத்தில் நம்ம மாவட்டத்தில் ஆயிரத்துக்கு 61 பெண் பிள்ளைகள் குறைந்து போனார்கள்.

தர்மபுரியில் 2022-ம் ஆண்டு வீட்டுக்குள் கையடக்க ஸ்கேன் கருவி வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு கும்பல் சிக்கியது. இந்த மாதிரி இடங்களில் போர்டு இருக்காது, பதிவு சான்றிதழ் இருக்காது, ரிப்போர்ட் தர மாட்டார்கள், பாரத்தில் கையெழுத்தும் கேட்க மாட்டார்கள். முறையான ஸ்கேன் சென்டரில் பதிவு சான்றிதழை எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும். 'இங்கு கருவில் உள்ள குழந்தை ஆணா பெண்ணா என தெரிவிக்கப்படமாட்டாது' என்ற அறிவிப்பு தமிழிலும் இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஸ்கேன் பார்ப்பது தகுதி உள்ள டாக்டராக இருக்க வேண்டும்.

சொல்பவருக்கு முதல் தடவை 3 ஆண்டு வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கேட்பவருக்கும் 3 ஆண்டு வரை ஜெயில், அபராதம் 50 ஆயிரம் வரை. கேட்பவருக்குத்தான் அபராதம் அதிகம் என்பதை கவனியுங்கள். கட்டாயப்படுத்தி அழைத்து வரப்பட்ட பெண்ணுக்கு தண்டனை கிடையாது. கணவனும் உறவினர்களும்தான் கட்டாயப்படுத்தினார்கள் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது.

"என்ன கொழந்தைன்னு ஜாடையாவது காட்டுங்க டாக்டர்" என்று மாமியார்கள் கேட்பது இன்றும் நிற்கவில்லை. ஆணா பெண்ணா என்பது அப்பாவின் உயிரணுவில் தீர்மானம் ஆகும் விஷயம். அதற்கு மருமகளை திட்டுவது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்...

கவரை பிரித்து செல்போனில் தேடி பார்த்து தலை சுற்றி போகிறவர்கள் அதிகம். சிலதை தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை என்று எழுதியிருந்தால் கல்லீரல் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. குடியை விட்டு, எடையை குறைத்தால் திரும்ப சரியாக வாய்ப்புள்ள நிலை அது. சினைப்பையில் சாதாரண நீர்க்கட்டி, அளவும் சின்னது என்றால் பல பெண்களுக்கு இரண்டு மூன்று மாதவிலக்கில் தானாகவே மறைந்து விடும். உடனே ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை. 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அது நோயின் பெயர் இல்லை. 'உடம்பையும் மற்ற டெஸ்ட்டையும் சேர்த்து பார்த்து உங்கள் டாக்டர் முடிவு பண்ணட்டும்' என்று ஸ்கேன் டாக்டர் எழுதும் குறிப்பு. அதனால் எழுதி கொடுத்த டாக்டரிடம் ரிப்போர்ட்டை காட்டாதவரை ஸ்கேன் எடுத்தது முடிந்த கணக்கில் சேராது. மெடிக்கல் ஷாப்பில் காட்டி மாத்திரை வாங்குவது வேண்டவே வேண்டாம்.

பழைய ரிப்போர்ட்டை தூக்கி போடாதீர்கள். போன வருஷம் 3 சென்டிமீட்டர் இருந்த கட்டி இப்போது எவ்வளவு என்று ஒப்பிட்டு பார்க்க அது வேண்டும். அடுத்த ஸ்கேனுக்கு போகும்போது கையோடு கொண்டு போங்கள். பளபள பேப்பரில் வரும் படம் வெயிலும் சூடும் பட்டால் மங்கிவிடும், டி.வி. மேல் வைக்காதீர்கள். 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம், 2024-ல் பெஞ்சல் என்று பீரோவில் இருந்த பேப்பர் எல்லாம் ஊறி போன அனுபவம் கடலூர்க்காரர்களுக்கு உண்டு. ரிப்போர்ட் வாங்கிய அன்றே பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது செல்போனில் ஒரு படம் பிடித்து பிள்ளைகள் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம். காசு இல்லை.